கேட்காத மஞ்சள்

அரக்கு முத்திரையை உடைத்தேன்.
கொள்முதல் நிலையப் பேரேடு ஒன்று,
நீடாமங்கலத்துக்குத் தெற்கே, குறுவைப் பருவம்,
பக்கம் அறுபத்து மூன்று:
வைரக்கண்ணு, தகப்பனார் பெயர் சின்னையன்,
186 மூட்டை.
கடிதத்தில் கேள்வி ஒன்றே ஒன்று.
முன்னால் நிற்கும் அந்த 1
பிறகு வந்து சேர்ந்ததா?

நூறு மூட்டை நெல் என்பது ஒரு கோடு.
மேலிருந்து கீழே, அரிசி நீளம்.
அதற்காகப் பட்டியல் எழுத்தர் அமலதாஸ்
பதினோரு மாதமாய்
பாதிச் சம்பளத்தில் வீட்டில் இருக்கிறார்.

மையை ஊசியால் குத்தித்தான் எடுக்கவேண்டும்.
ஒன்றிலிருந்து மூன்று பொட்டு,
எட்டிலிருந்து மூன்று,
ஒப்பிட இருக்கட்டும் என்று
அடியில் மேலாளர் போட்ட கையெழுத்தின் வாலிலிருந்து மூன்று.
வழக்கைக் கொஞ்சம் தின்றுதான்
வழக்கைத் தெரிந்துகொள்ள முடிகிறது.

பிரிடின் இரண்டு சொட்டு.
கெட்டுப்போன கருவாட்டு நாற்றம்;
இன்று மதியம் கரண்டியால்தான் சாப்பாடு.
வடிதாளின் அடியில் பென்சில் கோடு.
பேனாவால் போட்டால்
கோடும் கூடக் கிளம்பிவிடும்.
கோட்டின்மேல் மூன்று கரும்புள்ளி.
ஜாடியில் பியூட்டனால், எத்தனால், தண்ணீர்.
தாளின் நுனி நனைய, மூடியை மூடினேன்.

மின்சாரம் போயிற்று.
தாளுக்கு அது தெரியாது.
ஈரம் தன்பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது.
வெளியே கீழவாசல் பக்கம் மழை பிடித்துக்கொண்டது.
எங்கோ ஒரு களத்தில் இந்நேரம்
தார்ப்பாய்க்கு ஆள் ஓடிக்கொண்டிருப்பார்கள்.
பதினேழு சதம் ஈரத்துக்கு மேல் நெல்லை வாங்கமாட்டார்கள்.

கருப்பு பிரிய ஆரம்பித்தது.
கல்லணையில் ஆறு பிரிவதுபோல என்று
பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் முன்பெல்லாம் சொல்வேன்.
ஒருத்தி கேட்டாள்:
வெண்ணாற்றிலும் வெட்டாற்றிலும் அதே தண்ணீர்தானே, மேடம்?
அன்றோடு விட்டுவிட்டேன்.
இப்போது வண்டலைச் சொல்கிறேன்.
எது எதைப் பற்றிக்கொள்கிறதோ அங்கே நிற்கும்.
கல் முக்கொம்பு தாண்டாது,
மணலுக்குத் திருவையாறு,
கண்ணுக்குத் தெரியாத சேறுதான்
கடல்வரை போய்ப் பார்க்கும்.

ஒன்றே முக்கால் மணி நேரம்.
எடுத்துக் கிளிப்பில் மாட்டினேன்.
ஒன்றின் புள்ளி: உச்சியில் ஊதா, நடுவில் நீலம்.
எட்டின் புள்ளி: அதே ஊதா, அதே நீலம்.
நிறம் நடந்த தூரத்தை ஈரம் நடந்த தூரத்தால் வகுத்தேன்.
0.71. 0.48.
இரண்டு பாதையிலும் அதே எண்கள்.

ஆய்வாளர் தெய்வநாயகி போனில்:
அப்போ ஒரே பேனாதானே? எழுதிடலாமா?
எழுத முடியாது.
வேறு என்றால் வேறு என்று சொல்லிவிடுவேன்.
ஒன்று என்று மட்டும் சொல்லவே முடியாது.
நிலையங்களுக்கெல்லாம் ஒரே டெண்டரில்
பெட்டிபெட்டியாய்ப் பேனா வாங்குகிறார்கள்.
"வேறுபாடு காணப்படவில்லை."
எங்கள் மொழி அவ்வளவுதான்.
அமலதாசுக்கு அது விடுதலையும் கிடையாது,
தண்டனையும் கிடையாது.

போனை வைத்தபிறகுதான்
மூன்றாவது பாதையைச் சரியாகப் பார்த்தேன்.
ஊதா இருந்தது. நீலம் இருந்தது.
இரண்டுக்கும் கீழே,
பென்சில் கோட்டை விட்டுப் போக மனமில்லாததுபோல்
வெளிறிய ஒரு மஞ்சள்.

கோப்பைத் திருப்பினேன்.
மேலாளர் வாக்குமூலம், இரண்டாம் தாள்:
"மூட்டை எண்ணி முடிந்ததும், அங்கேயே,
எழுத்தர் கையிலிருந்த பேனாவை வாங்கி
கையொப்பமிட்டேன்."

அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை.
கேட்டதற்கு மட்டும் பதில் எழுது என்பார்கள்
இந்த நாற்காலியில் எனக்கு முன்னால் இருந்தவர்கள்.
மஞ்சள் எதையும் நிரூபிக்காது.
மனிதர் மறந்திருக்கலாம்.
சட்டைப்பையில் சொந்தப் பேனா இருந்திருக்கலாம்.
கையெழுத்து வேறொரு நாள்,
வேறொரு மேசையில் விழுந்தும் இருக்கலாம்.

இந்தச் சாயம் வெளிச்சத்தில் நிற்காது.
நாளைக் காலை தாள் வெறும் தாளாகிவிடும்.
ஜன்னலைச் சாத்தினேன்.
பக்கத்தில் அளவுகோலை வைத்து
முதலில் ஒரு படம் எடுத்தேன்.